டெலீட் பொத்தானும் தாய்மாமனும்

என் தாய்மாமனை நான்தான் கொன்றேன் என்று ஒரு கோடை விடுமுறை முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். ஆயுதம், கீபோர்டில் வலது பக்கம் இருக்கும் டெலீட் பொத்தான். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று என்று மாத்திரை பிரித்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்கள் ஆளுக்கு ஒரு முட்டாள்தனத்தையாவது சின்ன வயதில் மனப்பூர்வமாக நம்பியிருப்பீர்கள். புளியங்கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைக்கும் என்று நம்பியவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க உரிமை இல்லாதவர்கள்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு வெகுகாலம் முன்னால் நடந்தது இது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், உரக்கடை மாடியில் ஒரு ப்ரவுசிங் சென்டர். கீழே யூரியாவும் பூச்சிமருந்தும் சேர்ந்து மூக்கைப் பிடுங்கும். படியேறினால் ஊதுவத்தி, பினாயில், சூடேறிய பிளாஸ்டிக். இன்றும் எங்காவது பூச்சிமருந்து வாடை வந்தால் எனக்குக் கோட்டை கட்டத்தான் கை அரிக்கிறது. செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உள்ளே பிளைவுட் தடுப்புகள், பூப்போட்ட திரைச்சீலைகள், முதுகு புடைத்த மானிட்டர்கள். மானிட்டர் பக்கம் கையை நீட்டினால் முழங்கை மயிர் எழுந்து நிற்கும். மவுஸின் வயிற்றில் ஒரு ரப்பர் உருண்டை உண்டு. அதில் ஒட்டிக்கொள்ளும் அழுக்கை நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுப்பதே தனி சுகம். அந்த உருண்டையைத் திருடி வந்து கோலி விளையாடியவர்களை எனக்குத் தெரியும். நான் இல்லை, நான் திருடியது ஒன்றுதான், அதுவும் சரியாக உருளவில்லை.

எங்கள் வீடு வடக்கனந்தலில். அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வளாகத்தில் இரண்டு வீடு கட்டிக்கொண்டு, கரும்பு, மரவள்ளி என்று பயிர் வைத்துக்கொண்டிருந்தார்கள். லீவில் என்னையும் பெரியப்பா மகனையும் 'கம்ப்யூட்டர் கிளாசில்' சேர்த்தார்கள். அவன் என்னைவிடப் பெரியவன், ஆகவே எனக்கு அண்ணன். தினமும் பஸ்ஸில் போய் வருவோம். கிளாஸ் என்பது, சென்டர்க்காரர் ஒரு வீட்டையும் தென்னை மரத்தையும் வரையச் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவது. மிச்ச நேரம் நாங்கள் ஆட்டம் ஆடுவோம். பெரியப்பா டீக்கடையில் பெருமையாகச் சொல்லுவார், பசங்க கம்ப்யூட்டர் ஓட்டறானுங்க என்று. டிராக்டர் ஓட்டுவது மாதிரியே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வேண்டாம். திரையில் ஒரு புல்வெளி. உனக்கு ஒரு சின்ன வீடு, கொஞ்சம் ஆட்கள். ஆட்களை மரம் வெட்ட அனுப்பு, வயல் போடு, கிடைப்பதை வைத்து இன்னும் ஆள் சேர், கோட்டை கட்டு, படை திரட்டு, எதிராளியை அடி. கேரம் மாதிரி உன் முறை என் முறை கிடையாது. நீ தலையைச் சொறிந்து யோசிக்கிற நேரத்தில் எதிராளி மரம் வெட்டிக்கொண்டிருப்பான். நீ போய்ப் பார்க்காத இடமெல்லாம் திரையில் கன்னங்கரேலென்று இருக்கும். அந்த இருட்டுக்குள் எவன் என்ன செய்கிறான் என்று தெரியாது. ஒருவனுடைய கடைசி ஆளும் சாகும்வரை, இல்லை அவனே கையை விடும்வரை ஆட்டம் முடியாது. எங்களுக்கு அந்த ஆட்கள் வெறும் 'ஆளு'தான். வயலுக்கு ஆளு விடுகிறோமே, அதே ஆளு.

நானும் அண்ணனும் ஒரே கம்ப்யூட்டரில் ஜோடியாக ஆடுவோம். மவுஸ் அவனுக்கு, கீபோர்டு எனக்கு. மவுஸ் பிடிப்பவன் ராஜா. கீபோர்டுக்காரன் மந்திரி, தளபதி, பூசாரி, எடுபிடி எல்லாம்.

பூசாரி என்று சொன்னது சும்மா இல்லை. எங்கள் பக்கத்தில் சித்திரையில் கூத்தாண்டவர் தேர் இழுப்பார்கள். விடிய விடியக் கூத்து நடக்கும். அதில் போருக்குப் போகிறவர்கள், ஜெயிக்க வேண்டும் என்பதற்காகத் தங்கள் பக்கத்து வீரன் ஒருவனையே முதலில் களப்பலி கொடுப்பார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகள் இந்த ஆட்டத்தை எப்படி ஆடினார்களோ தெரியாது. நாங்கள் அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள். ஆகவே ஆட்டம் தொடங்கியதும் முதல் வேலை, இருக்கிற ஆட்களில் ஒருவனைத் தனியாக நடத்திக்கொண்டுபோய்க் காட்டோரம் நிறுத்துவது. அண்ணன் கண்ணை மூடிக்கொள்வான். நான் டெலீட்டை அமுக்குவேன். அந்த ஆள் 'ஆ' என்று ஒரு சத்தம் போட்டுக் குப்புற விழுவான். கொஞ்ச நேரத்தில் உடம்பு எலும்பாகும். அப்புறம் அந்த எலும்பும் புல்லுக்குள் மறைந்துபோகும்.

பலிக்குப் பெயர் வைப்பதும் வழக்கம். ஒரு நாள் அண்ணன் முறை, ஒரு நாள் என் முறை. பெரும்பாலும் கணக்கு சார்தான். அவரை எத்தனை முறை பலி கொடுத்தோம் என்று கணக்கே இல்லை. அவருக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை. இது எனக்கே கொஞ்சம் உறுத்தி, அண்ணனிடம் கேட்டேன். அவனிடம் எல்லாவற்றுக்கும் சாத்திரம் உண்டு. ஜெயித்துவிட்டால் சாமி அந்தப் பொம்மை ஆளையே பலியாக ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், கணக்கு சார் தப்பித்தார். தோற்றால்? தோற்றால் சாமி பொம்மையை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்போது யார் பெயர் சொன்னோமோ அந்த ஆளையே தேடிக்கொண்டு வரும்.

நாங்கள் அதுவரை தோற்றதில்லை. எதிரே ஆட வந்தவர்கள் எல்லாம் எங்களைவிட மந்தம்.

மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி. அவர்களுடைய அப்பா அம்மா போனபிறகு அக்கா வீட்டோடு வந்து சேர்ந்தவர். பெரியப்பாவின் மினி லாரியை ஓட்டுவார். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் போய் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்து, சின்னசேலம் தாண்டி இருந்த ஜவ்வரிசி மில்லில் இறக்குவார். மற்ற நேரத்தில் வீட்டு வேலை. மோட்டார் நின்றால் மாமா, காஸ் சிலிண்டர் தீர்ந்தால் மாமா, அப்பாவுக்கு இடுப்புப் பிடித்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மாமா, மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் அதன் பின்னால் மாமா. அவர் சட்டையில் எப்போதும் கிழங்குத் தோலின் பச்சை வாசனையும் டீசலும் கலந்திருக்கும். லாரியில் என்னை மடியில் வைத்து ஹாரன் அடிக்க விடுவார். அந்தக் கோடையில் அவருக்குச் சின்னசேலத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். மாமா திடீரென்று மீசையை ஒழுங்காக வெட்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

அவர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மலைக்குக் கூட்டிக்கொண்டு போய் அருவியில் குளிக்க வைப்பதாக. முந்தின நாள் சாயங்காலம்கூட, "நாளைக்குப் போறோண்டா. வெள்ளன ஏந்துக்க. மேல குளிரும், பனியன்மேல சட்ட போட்டுக்கினு வா" என்றார்.

விடிகாலையில் எழுந்து, பனியன்மேல் சட்டை போட்டு, தலை சீவி, வாசலுக்கு ஓடினேன். லாரி இல்லை. மாமாவும் இல்லை. லாரி நிற்கும் இடத்தில் எண்ணெய்க் கறையும் ஒரு கோழியும்தான் இருந்தன. மாமா என்னை விட்டுவிட்டு மலைக்குப் போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். இரண்டு சட்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு வேர்த்தது. அந்த வேர்வையோடே பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சிக்குப் போனேன். அன்று பெயர் வைக்கிற முறை என்னுடையது.

அன்று எதிரே ஆடியது சென்டர்க்காரர் மகள். என் வயதுதான். சின்னசேலத்தில் அத்தை வீட்டில் தங்கி இங்கிலீஷ் மீடியத்தில் படித்துவிட்டு லீவுக்கு வந்திருந்தாள். அப்பா இல்லாதபோது முன்மேசையில் அவள்தான். ஒரு கிண்ணத்தில் வேர்க்கடலையை வைத்துக்கொண்டு, தோலை ஊதி ஊதிக் கீபோர்டெல்லாம் குப்பையாக்குவாள். அவளே வந்து கேட்டாள், என்கூட ஆடறீங்களா என்று. பொம்பளப் பிள்ளையோடு ஆடுவதா என்று அண்ணன் யோசித்தான். சீக்கிரம் முடிந்துவிடும் என்று உட்கார்ந்தோம். அந்தக் கணிப்பு மட்டும் சரியாக இருந்தது.

ஆட்டம் தொடங்கியது. ஓர் ஆளைக் காட்டோரம் நடத்தினோம். யாரு என்றான் அண்ணன்.

"மாமா" என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். வேணாண்டா என்று சொல்ல வாயெடுத்தான் என்று இன்று தோன்றுகிறது, அன்று கவனிக்கவில்லை. அமுக்கினேன். 'ஆ'.

அப்புறம் நடந்ததை நீட்டி முழக்க எனக்கே வெட்கம். நாங்கள் வயல் போட்டு முடிக்கும் முன் அவள் குதிரை லாயம் கட்டியிருந்தாள். நாங்கள் வேலி அடைக்கும் முன் அவள் குதிரைகள் வேலிக்குள் இருந்தன. ஆட்கள் மண்வெட்டியோடு அங்கேயும் இங்கேயும் ஓடி விழுந்தார்கள். இருட்டான திசை எல்லாவற்றிலிருந்தும் குளம்புச் சத்தம் வந்தது. முதல் தோல்வி. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து அவள் தலையை நீட்டினாள். வாயில் கடலை.

"இன்னாடா, உங்க ஆள நீங்களே சாவடிச்சிட்டீங்க? நான் அப்ப இன்னும் ஒண்ணுமே பண்லியே."

அண்ணன் காது சிவந்து எழுந்து போய்விட்டான். எனக்குத் தோற்றது வலிக்கவில்லை. தோற்றால் என்ன ஆகும் என்ற சாத்திரம்தான் அப்போது ஞாபகம் வந்தது. பஸ்ஸில் வரும்போது மேற்கே மலை தெரிந்தது. சித்திரை வெயிலில் காய்ந்துபோன மலையில் எங்கோ தீ பற்றியிருந்தது. இருட்டத் தொடங்கியதும் சிவப்புச் சரம் ஒன்றை யாரோ மலைக்கழுத்தில் போட்டுவிட்டது மாதிரி அது ஊர்ந்தது. வருஷா வருஷம் பார்க்கிற தீதான். அன்று அது என்னைப் பார்த்தது.

வீட்டில் லாரி இல்லை. பெரியப்பா தன் வீட்டுக்குள் படுத்திருந்தார், கதவு சாத்தியிருந்தது. அப்பா வாசலில் நின்றும் உட்கார்ந்தும் இருந்தார். அம்மா எங்களுக்குச் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்ற மறந்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா எங்கே என்றேன். வருவான், நீ துன்னுட்டுப் படு என்றாள். மாமா என்ற சொல்லுக்கே அவள் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. நான் வெறும் சோற்றைத் தின்றுவிட்டுப் போய்ப் படுத்தேன்.

எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது. மாமா வரவில்லை. அவருடைய லுங்கி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அன்று கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸும் இல்லை; ரோட்டில் எங்கேயோ மறியலாம், ஜனங்கள் கல்லும் கட்டையும் போட்டு உட்கார்ந்திருக்கிறார்களாம். கிளாஸ் போச்சே என்று அண்ணன் கவலைப்பட்டான். நான் ஒவ்வொருவரிடமும் போய் மாமாவைக் கேட்டேன். அப்பா, வெளியூர் வேலையாகப் போயிருக்கிறான் என்றார். அம்மா, மலையில் சோலி இருக்கிறது, வர நாளாகும் என்றாள். பெரியம்மா, பொண்ணு வீட்டுக்குப் போயிருக்கிறான் என்றாள். மூன்று பேரும் மூன்று ஊர் சொன்னால் ஒரு பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? மலைச்சாலையின் கொண்டைஊசி வளைவில் லாரியோடு உருண்டுவிட்டார், சொல்லாமல் மறைக்கிறார்கள். பொம்மையை ஏற்றுக்கொள்ளாத சாமி ஆளையே எடுத்துக்கொண்டது. எடுத்துக் கொடுத்தவன் நான்.

அதற்குப் பிறகு என் நடத்தை, இன்று நினைத்தால், ஒரு நகைச்சுவை டிராக்குக்கு ஆகும். காய்ச்சல் வந்தது. வரவில்லை என்றாலும் நான் வரவழைத்திருப்பேன். வேப்பிலை அடித்தார்கள், பூசாரி ஓங்கி அடித்த ஒவ்வோர் அடிக்கும் 'ஆ' என்றேன், அந்தச் சத்தம் என் சத்தமாகவே இல்லாமல் கேட்டதில் பூசாரிக்கு முன்னால் நானே மயங்கினேன். கைவிரல்களில் டெலீட் அமுக்கிய விரலைத் தனியாக ஒதுக்கிவைத்தேன். அந்த விரல் படாமல் சாப்பிடப் பழகினேன். சாயங்காலமானால் மலைத்தீயைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கொடியில் அந்த லுங்கி ஆடும். அம்மா அதை எடுத்து மடிக்கவே இல்லை.

வீடும் ஒரு தினுசாகத் தடுமாறியது. மோட்டார் நின்றது, பார்க்க ஆளில்லை. தண்ணீர் இல்லாமல் நாற்றங்கால் காய்ந்தது. அதைப் பார்க்க அப்பா ஓடினார், கறவை நேரம் தப்பியது. கறவை தப்பியதால் பால்காரர் சத்தம் போட்டார். சிலிண்டர் தீர்ந்து அம்மா காய்ந்த கரும்புச் சோகையை வைத்து அடுப்பெரித்தாள். புகைதான், அழவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லா வேலையும் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பிந்திக்கொண்டே போயிற்று.

காய்ச்சல் விட்டதும் அண்ணனிடம் போய் அழுதேன். அவனும் பயந்துதான் இருந்தான். சாத்திரம் எழுதியவனுக்கே சாத்திரம் பலித்தால் எப்படி இருக்கும். யோசித்துவிட்டு, பரிகாரம் ஒன்று சொன்னான். அதே எதிராளியோடு மறுபடி ஆட வேண்டும். இந்தத் தடவை இரட்டைப் பலி கொடுத்து ஜெயித்தால் சாமி கணக்கைத் திருப்பி எழுதும், மாமா வந்துவிடுவார். தோற்றால் அவ்வளவுதான். மாமா இனி இல்லை.

இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்று பஸ்ஸில் ஜன்னல் கம்பியை இறங்கும்வரை விடாமல் பிடித்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சென்டர்க்காரர் மகளிடம் இன்னொரு ஆட்டம் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேப்பிலை அடித்த தழும்பு கழுத்தில் இருந்தது. இப்படியே ஆடினால் இப்படியே தோற்பீர்கள், அந்த ஆட்டம் ரெக்கார்டு ஆகியிருக்கிறது, முதலில் பாருங்கள் என்றாள். தோற்றதைத் திரும்ப எவனாவது பார்ப்பானா என்றான் அண்ணன். நான் பார்க்கிறேன் என்றேன்.

ரெக்கார்டில் இருட்டு கிடையாது. மொத்தப் புல்வெளியும் வெளிச்சமாகக் கிடந்தது. ஒரு மூலையில் நாங்கள், எதிர்மூலையில் அவள். எங்கள் ஆள் ஒருவன் தனியாகக் காட்டுப்பக்கம் நடந்தான். அவன் பாட்டுக்கு நடந்தான், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நின்றான். 'ஆ'. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவள் என் தோளில் ஒரு தட்டுத் தட்டி, பாருடா என்றாள்.

பார்த்தேன். அவன் விழுந்ததில் மரம் வெட்ட ஓர் ஆள் குறைந்தது. மரம் பிந்தியதால் வீடு பிந்தியது. வீடு பிந்தியதால் அடுத்த ஆள் வருவது பிந்தியது. அவன் பிந்தியதால் வயல் பிந்தியது. எதிர்மூலையில் அவளுடைய ஆட்கள் பதற்றமே இல்லாமல் வெட்டிக்கொண்டும் கட்டிக்கொண்டும் இருந்தார்கள். குதிரைகள் கிளம்பும் முன்பே நாங்கள் தோற்றிருந்தோம். புல்மேல் எலும்பு கொஞ்ச நேரம் கிடந்து மறைந்தது. எங்கள் ஆட்களில் ஒருவன்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"மொதல்லயே ஒரு ஆளு கம்மி. அப்புறம் இன்னா பண்ணாலும் கம்மிதான்" என்றாள்.

எனக்குத் தெரிந்து போரியல் பற்றி நான் கற்ற பாடம் அது ஒன்றுதான். கொண்டை வைத்த வாத்தியார் யாரும் சொல்லித்தரவில்லை. கடலை தின்றுகொண்டிருந்த ஒரு பெண் சொன்னாள், அதுவும் எரிச்சலோடு.

மறு ஆட்டத்துக்கு உட்கார்ந்ததும் அண்ணன் இரண்டு ஆட்களைப் பிடித்துக் காட்டோரம் நகர்த்தினான். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அமுக்குடா என்றான். முடியாது என்றேன். மாமா வரணுமா வேணாமா என்றான். வரணும், அமுக்க மாட்டேன் என்றேன். சண்டை வந்தது. அவன் மவுஸை என் மேல் எறியாத குறையாகத் தள்ளிவிட்டு எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டான். அதுவரை மவுஸ் பிடித்தறியாத நான் தனியாக ஆடினேன்.

ஆட்களில் ஒருவனை மாமா என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன், பலிக்கில்லை, காப்பாற்ற. மற்றவர்களோடு மரம் வெட்டினான். இந்த முறை வயல் நேரத்துக்கு வந்தது. வீடு வந்தது. வேலி அடைத்து முடித்தேன். அவளுடைய குதிரைகள் வந்தபோது வேலிக்கு வெளியே சுற்றின. பின்னால் நின்ற அண்ணன் மூச்சு விடுவது கேட்டது. ஆனால் எனக்கு ஒழுங்காக அடுக்கத் தெரிந்ததே ஒழிய, சண்டை போடத் தெரியாது. அவள் கல்லெறியும் வண்டி கொண்டுவந்தாள். வேலி போனது, வீடுகள் போயின, வயல் எரிந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். மாமாவை மட்டும் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடினேன்.

அப்புறம் இருந்தது ஓர் ஆள்தான். அவன் சாகாமல் ஆட்டம் முடியாது. அவளுக்கு என் ஆள் எங்கே என்று தெரியவில்லை. குதிரைகள் தேடின. குளம்புச் சத்தம் கிட்டே வரும், நான் அவனை ஒரு மரத்தின் பின்னாலிருந்து இன்னொரு மரத்துக்கு நகர்த்துவேன். சத்தம் தூரப் போகும். மறுபடி வரும். மூலைக்குப் போய்விட்டேன், அதற்கு மேல் புல்வெளியே இல்லை, வெறும் கறுப்பு. ஒரு குதிரை மரங்களைச் சுற்றிக்கொண்டு வந்து அவன் எதிரில் நின்றது. அவன் கோடாலியோடு சும்மா நின்றான். நான் சத்தமாக அழுதுவிட்டேன்.

அவள் எழுந்து தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தாள். இன்னாத்துக்குடா அழுவுற என்றாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், அது எங்க மாமா என்று. அவளுக்கு என்ன புரிந்ததோ. திரையை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஒரு ஆளுதான. இருந்துட்டுப் போவட்டும்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் ஆட்டத்தை விட்டாள். என் திரையில் வெற்றி என்று வந்தது. எரிந்துபோன ஊரும், மூலையில் ஓர் ஆளும், வெற்றியும்.

மாமா வந்துவிட்டார்! அடுத்த நாளே இல்லை. கொஞ்ச நாள் கழித்து, ஒரு மத்தியானம், அப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்தான் கூட்டிவந்தேன் என்று நினைத்தேன். ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டேன். கிழங்கு வாசனை இல்லை, டீசல் வாசனை இல்லை. ஏதோ சோப்பு வாசனை அடித்தது. இளைத்திருந்தார். கையை என் தலைமேல் வைத்தார், ஆனால் யாருடைய தலை என்று தெரியாதது மாதிரி வைத்தார். மலைக்கு எப்போது போகலாம் என்று கேட்டேன். இனிமே நான் வண்டி ஓட்ட மாட்டேண்டா என்றார்.

பெரியப்பா வாசலுக்கு வந்து, வாப்பா என்றார். மாமா கொடியில் கிடந்த லுங்கியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சின்னசேலத்துப் பெண் பேச்சு நின்றுபோனது. லாரியை விற்றார்கள். ஆடி பிறக்கும் முன் மாமா திருப்பூருக்கு வேலைக்குப் போனார். அதன்பிறகு எங்கள் வீட்டில் அவர் ஒரு வாய் சோறு சாப்பிட்டதில்லை.

பத்தாவது படிக்கும்போது ஒரு தடவை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கையில் பிளாஸ்டிக் பை. தள்ளுவண்டியோரம் நின்று இட்லி தின்றுகொண்டிருந்தார். இங்கே எங்கே மாமா என்றேன். ஒரு வேலை என்றார். வூட்டுக்கு வாங்க என்றேன். இன்னொரு நாளைக்கு வர்றேன் என்று சொல்லி எனக்கும் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்து, நான் தின்று முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு, திருப்பூர் பஸ்ஸில் ஏறிப் போனார். என் பக்கம்தான் ஜன்னல். பஸ் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படி வருஷத்தில் பல தடவை வந்து வந்து போனார் என்பது அன்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்தவர்களுக்குத் தெரியும்.

அம்மா இதை என்னிடம் சொன்னது போன வருஷம். நான் கேட்கவில்லை. பெரியப்பா காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, இலைகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

அன்று லாரியை ஓட்டியது பெரியப்பா. மாமா சின்னசேலத்தில் இருந்தார். பெண் வீட்டுக்குக் கொடுக்கப் போட்டோ எடுத்துக்கொள்ள, விடியும் முன்பே அப்பாதான் அவரை எழுப்பிப் போகச் சொன்னார். பெரியப்பாவுக்கு லைசென்ஸ் கிடையாது, குடித்தும் இருந்தார். மலையிலிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தவர், பொழுது சாயும் நேரத்தில் கரும்பு வெட்டிவிட்டுச் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒருவர்மேல் ஏற்றினார். அவர் அங்கேயே இறந்துபோனார். பெரியப்பா லாரியை விட்டுவிட்டு வயல்வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். இறந்தவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள்; அவர் பெயரை எங்கள் வீட்டில் யாரும் தெரிந்துகொள்ளவில்லை. ஓட்டிய ஆளைக் கொண்டுவந்து விட வேண்டும் என்று ஸ்டேஷனில் கேட்டார்கள். கல்யாணம் ஆகாதவன், லைசென்ஸ் இருக்கிறது, தினமும் ஓட்டுகிறவன் என்று அப்பாவும் பெரியப்பாவும் மாமாதான் ஓட்டினான் என்று சொல்வதாகப் பேசி முடித்து, அம்மாவைக் கேட்டார்கள். அம்மா சரி என்றாள். ஜெயிலுக்கும் அப்புறம் வருஷக்கணக்கில் கோர்ட்டு வாய்தாவுக்கும் போக வேண்டிய மாமாவை யாரும் கேட்கவில்லை. ராத்திரி நான் தூங்கியபிறகு வந்து சேர்ந்தவரை, விடிந்ததும், குளித்துவிட்டு வா என்றார்கள். குளித்துவிட்டு வந்தார்.